சேவல் போட்ட சைக்கிள்

எங்கள் வீட்டுச் சைக்கிள் முதன்முதலாக எழுமலையை விட்டுக் கிளம்பியது பஸ்ஸின் தலையில் ஏறித்தான். வாழைத்தார்களுக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் அதைப் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஏணியில் இறங்கி வந்து, என்னையும் பேச்சியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஆத்தா, ரெண்டு பேரும் ரேஸுக்குக் கிளம்பிட்டீகளா?"

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் ஒடுங்கிவிட்டேன். பேச்சிதான் பதில் சொன்னாள்.

"ஆமப்பு. நாங்க சைக்கிள்ல போனா ஒன் வண்டி பின்னால நின்டு போயிரும். பாவமேன்னுதான் இதுல ஏறுறோம்."

பேச்சி என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் வாய் கூட வந்திருக்காவிட்டால் நான் மதுரைக்குப் போயிருக்கவே முடியாது. முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கடையில் ஒரு சாமான் கேட்க வேண்டுமென்றால்கூட மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்காமல் திரும்பி வந்ததும் உண்டு.

சைக்கிள் எங்களுக்கு வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு வாரம் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற ஆட்டக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். தட்டியில் 'மின்னல் ராஜா' என்று எழுதியிருந்தது. சந்தைத் திடலில் கயிறு கட்டி வட்டம் போட்டார்கள். தின்பது, பல் துலக்குவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எல்லாம் சைக்கிளில் போய்க்கொண்டேதான். அந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் மாலை போட்டு ஏற்றிவிடுகிற கைதான், கடைசி நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி அவரை இறக்கிவிட வேண்டும். வேறு ஆள் தொடக்கூடாது. அவராகவும் இறங்கக்கூடாது. வட்டம் நிறையாமல் விழுந்தவர் பிறகு சைக்கிளிலேயே ஏறுவதில்லை.

என் வீட்டுக்காரர்தான் அவரை ஏற்றிவிட்டவர். கடைசி நாள் காலையில் இறக்கிவிடுகிறபோது சொல்ல வேண்டிய வார்த்தையை மாட்டுத்தொழுவத்தில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வட்டம் நெறஞ்சிருச்சு, எறங்குங்க." எனக்குக் கேட்டுச் சிரிப்பாக வந்தது. அன்றைக்கு உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில் அந்த மனிதர் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பேச்சு மூச்சில்லை. என் வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் போட்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனால் கட்டில் காலியாக இருந்ததாம். ஆள் எந்த ஊர், பெற்றோர் வைத்த பேர் என்ன, ஒன்றும் தெரியாது. சைக்கிள் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

"ஆளு வருவாரு" என்பார் என் வீட்டுக்காரர். எண்ணெய் போடுவார், துடைப்பார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார். ஆயுதபூஜைக்குக் கலப்பைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்பார். ஒருவரையும் ஓட்டவிடவில்லை. அவரும் ஓட்டவில்லை. போன தை மாதம் படுக்கையில் கிடந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அது அவரோடது. அவர் கையில சேத்துரு" என்றார். அதுதான் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

வருடத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. சொன்னதைச் செய்யாமல் இலை போட்டால் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரமாட்டார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மகன், "எங்கிட்டுப் போயித் தேடுவ ஆத்தா?" என்றான். பேச்சி, "மதுரையில இல்லாத ஆளா? வா மதினி" என்றாள். அப்படித்தான் கிளம்பினோம்.

மதுரையில் இறங்கியதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். எங்களில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. பேச்சி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள், நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஹேண்டில்பார் மற்றச் சைக்கிள் மாதிரி நிமிர்ந்து இருக்காது. ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் இரண்டு விரல் தடிமன்கூட இராது. டீக்கடைக்கு டீக்கடை ஆள்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஊரில் நான் தண்ணீருக்குப் போனால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே ரோட்டுப் போலீஸ்காரர் கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். எனக்குக் கால் பின்னிக்கொண்டது.

பழைய சைக்கிள் சாமான் விற்கிற கடை ஒன்றில் போய் நின்றோம். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது நம்மூரு கம்பெனி கிடையாது. இங்கிலீஷ் சைக்கிள் மாதிரியும் தெரியல. முன்னால கம்பெனித் தகடு இருக்கணுமே, எங்க?"

முன் குழாயில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உருண்டை இருந்தது. இத்தனை வருடத்து ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, புற்று மாதிரி ஆகியிருந்தது. எங்கள் தெருவில் இரண்டொருவர் போகிறபோது அதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. கடைக்காரர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பேச்சி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏப்பா, சாமியக் குத்துற?"

"சாமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்க வேணாமா அத்தே?"

அவர் மெதுவாகச் சுரண்டினார். சந்தனம் தேங்காய்ச் சில்லு மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே உள்ளங்கையில் பாதியளவு பித்தளைத் தகடு. அதில் கழுத்தை நிமிர்த்திக் கூவுகிற ஒரு சேவல். கீழே ஏதோ எழுத்து. கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து இங்கிலீஷ் எழுத்து. வார்த்தை இங்கிலீஷ் வார்த்தை இல்ல" என்றார்.

பேச்சி அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சேவக்கொடி மதினி! முருகனுக்கு யாரோ நேந்துவிட்ட சைக்கிள். அதான் அண்ணன் ஏறாம வச்சிருந்திருக்கு. நாளைக்குத் திருப்பரங்குன்றம் போறோம். கோயில்ல கேட்டாத் தெரிஞ்சு போகும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. சேவலைப் பார்த்தால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விலைக்குக் குடுத்தாச் சொல்லுங்க" என்றார். பேச்சி முறைத்த முறைப்பில் அவர் உள்ளே போய்விட்டார்.

ராத்தங்கல் செல்லூரில் பேச்சியின் மகள் வீட்டில். கடை இட்லி வாங்கி வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் இட்லி என்றால் தீபாவளிக்குத்தான், அதுவும் கையில் எடுத்தால் கனக்கும். இது எடுக்கும்போதே பிய்ந்து போனது. நாலு வகைச் சட்னி. எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலந்து தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் டவுன்பஸ்காரர் சைக்கிளை ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். ஒரு ஜட்கா வண்டி கிடைத்தது. ஓட்டுகிறவர் ஒரு பாய், தாடியெல்லாம் மருதாணிச் சிவப்பு. சைக்கிளை வண்டிக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டு, எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். முன்பக்கம் பாரம் வேண்டுமாம். "அம்மா, கொஞ்சம் முன்னால சரிஞ்சு உக்காருங்க, குதிரை ஆகாசத்துக்குப் போயிரும்" என்றார்.

பழங்காநத்தம் வரைக்கும் சுகமாகத்தான் போனோம். அங்கே ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் தொங்கிய சைக்கிளின் பின்சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சைக்கிளுக்கு ஒரு சத்தம் உண்டு. சக்கரம் சும்மா சுற்றினால் டிக்டிக் என்று ஓயாமல் அடிக்கும். குதிரை காதை விறைத்தது. அடுத்த நிமிடம் பாய்ச்சல்தான்.

"அரே, அரே! நில்லுடா பாதுஷா!" என்று பாய் கத்துகிறார். பேச்சி, "முருகா, ஒன் சைக்கிளு, நீ பாத்துக்க!" என்று கத்துகிறாள். நான் கத்தவில்லை. வெளியிடத்தில் எனக்குக் கத்தவும் வராது. பேச்சியின் சுருக்குப்பை பறந்து வெற்றிலையெல்லாம் ரோட்டில் சிதறியது. ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே வந்ததால் குதிரை நின்றது. நின்ற கையோடு வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் சைக்கிளின் பின் டயர் வண்டிச் சக்கரத்தில் உரசிக் கிழிந்து, டியூப் நாக்குத் தள்ளியிருந்தது. பாய் இறங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் குதிரை கல்யாண மேளத்துக்கு அசையாதும்மா. இதுக்குப் பயந்துடுச்சே!" குதிரை இனி அந்தச் சைக்கிள் பக்கம் திரும்பக்கூட மறுத்தது. மீதித் தூரம் நடைதான். டயர் பட்பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. உரியவர் கையில் கொடுக்கும் முன்னே கெடுத்துவிட்டோமே என்று எனக்கு மனசு குன்றிப்போனது.

திருப்பரங்குன்றத்தில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். சுக்குக் காபியும் பணியாரமும். பணியாரம் எங்கள் ஊர்ப் பணியாரம் மாதிரியேதான் இருந்தது, வெல்லம் மட்டும் குறைச்சல். கடைக்காரர் எழுபது வயதுக்காரர். பேச்சி அவரிடம் சேவலைக் காட்டி, கோயிலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தகட்டைத் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆத்தா, இது முருகன் சேவல் இல்ல. வெள்ளக்காரன் சேவல்."

பேச்சிக்கு முகம் விழுந்துவிட்டது.

"பசுமலையில இருந்து ஒரு வெள்ளக்கார வாத்தியாரு இதுல வருவாரு. அரைக்கா டவுசரு, செவந்த மூக்கு. விடியக்காலம் மலையச் சுத்திட்டு வந்து இந்தா, இந்தப் பெஞ்சுலதான் ஒக்காந்து சுக்குக் காபி குடிப்பாரு. அவருகிட்ட படிச்ச ஒரு பட்டுநூல்கார வீட்டுப் பையன் வாடகைச் சைக்கிள்ல துரத்திக்கிட்டே வருவான். நீங்க பசுமலைக்குப் போங்க. அங்க டிரில் மாஸ்டரா இருந்தவரு இன்னும் இருக்காரு. அவருக்குத் தெரியும்."

நாங்கள் தப்பாக நினைத்து வந்த இடம்தான் சரியான இடமாகிவிட்டது. வந்ததற்குக் கோபுர வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டோம். "தெரியாமயா நம்மள இங்க வரவச்சான்?" என்று பேச்சி அப்போதும் விடவில்லை.

டிரில் மாஸ்டர் பசுமலையில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். நரைத்த தலை, முதுகு மட்டும் கம்பு மாதிரி நிமிர்ந்திருந்தது. சைக்கிளைக் கண்டதும் படியில் வேகமாக இறங்கி வந்து சீட்டில் கை வைத்தார். பிறகு எங்களுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அவர் பிரான்ஸ் தேசத்துக்காரர். அந்த தேசத்துக்குச் சேவல்தான் அடையாளம். இத ஒரு கம்பெனியும் செய்யல. அவரோட தாய்மாமா ஒரு சின்ன ஊர்ல பட்டறை வச்சிருந்தாராம். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு செஞ்சு குடுப்பாராம். மருமகன் கப்பல் ஏறப்போறான்னு இத அவர் கையால செஞ்சு குடுத்திருக்கார். சண்டையில அந்தப் பட்டறையே இல்லாமப் போச்சு. இந்தத் தகடு போட்ட சைக்கிள் நான் வேற பாத்ததில்ல."

"தாய்மாமன் சீரா!" என்றாள் பேச்சி. "கடலுக்கு அங்கிட்டும் தாய்மாமன் சீர் செய்வாகளா?"

மாஸ்டர் சிரித்தார். "செய்வாங்க போலத்தான் தெரியுது."

அந்த மாணவன் பேர் கிருஷ்ணாராம் என்றும், வாடகைச் சைக்கிளில் மலையைச் சுற்றி ஒருநாள் வாத்தியாரை முந்திவிட்டான் என்றும், வாத்தியார் ஊருக்குத் திரும்பும்போது சைக்கிளை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார் என்றும் சொன்னார். அவனோ படிப்பை விட்டுவிட்டு, வேறு பேர் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வட்டம் ஓட்டப் போய்விட்டானாம். வீட்டில் தலைமுழுகாத குறை. பிறகு ஒருநாள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். இப்போது திருநகரில் வீடு, மில்லில் வேலை.

மின்னல் ராஜா உயிரோடு இருக்கிறார்.

"ஆனா ஒண்ணு" என்றார் மாஸ்டர். "அவன்கிட்ட சைக்கிள் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிருவான். நானே ரெண்டு தடவ கேட்டுப் பாத்துட்டு விட்டுட்டேன். நீங்க பாத்துப் பேசணும்மா."

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பேச்சியைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சைக்கிளை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்லூர் போய்ப் படுத்தோம். மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டு திருநகருக்கு நடந்தோம்.

திருநகர் மாதிரி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. நூல் பிடித்துக் கோடு போட்டது மாதிரி தெரு. எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே மாதிரி இடம் விட்டு, செடி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று மாட்டுக்குத்தான் தெரியும். "குடிச்சிட்டு வாரவன் எப்படித்தான் தன் வீட்டக் கண்டுபிடிப்பானோ" என்று பேச்சி கவலைப்பட்டாள்.

மாஸ்டர் சொன்ன வீட்டில் கதவைத் திறந்தது கிருஷ்ணாராமின் சம்சாரம். ருக்குமணி என்று பேர். எழுமலையிலிருந்து வருகிறோம் என்றதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். உள்ளறைக்குப் போனார். அவர்கள் வீட்டுப் பாஷையில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு குரல் வரவரக் குறைந்ததும், இன்னொரு குரல் வரவர ஏறியதும் புரிந்தது. ருக்குமணி வெளியே வந்தார்.

"ஆளு தப்பு, வேற வீட்டுல போயிப் பாருங்கன்னு சொல்லச் சொல்றாரு. நான் சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜன்னல் வழியா அந்தச் சைக்கிளப் பாத்தாரு. இன்னும் அங்கதான் நிக்கிறாருக்கா. நீங்க போயிறாதீங்க. நான் பூரி போடுறேன்."

முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட பச்சைப் பூரி. மேலே காரப்பொடி தூவியிருந்தது. வேலியில் முளைக்கிற முள்ளுமுருங்கையை நாங்கள் ஆட்டுக்குத்தான் ஒடித்துப் போடுவோம். இந்த வீட்டில் தின்ற பிறகு, ஆட்டுக்குப் போட்டதற்கெல்லாம் வருத்தமாக இருந்தது.

பேச்சியால் பொறுக்க முடியவில்லை. உள்ளறைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"யோவ் மின்னலு! ரெண்டு கெழவிகளுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டா எப்படி? வெளிய வாய்யா!"

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பேச்சி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் வாய் தோற்று நான் பார்த்ததில்லை. ருக்குமணி கையில் மாவோடு நின்றுகொண்டிருந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் 'கையில சேத்துரு' என்றார். வாசலில் போட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவைக்கு மேலேயே சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, நான் எழுமலைக்காரி. ஒங்கள வட்டத்துல ஏத்திவிட்டவரு பெஞ்சாதி."

கதவோடு இன்னும் ஒட்டி நின்றுகொண்டேன்.

"அவரு போன தையில போயிச் சேந்துட்டாரு. ஒங்க சைக்கிள ஒரு ஆளத் தொடவிடல. எண்ணெய் போட்டு, தொடச்சு, வருவீக வருவீகன்னு வச்சிருந்தாரு. நேத்து ஒரு டயரு மட்டும் எங்களால கிழிஞ்சிருச்சு. அதுக்கு மன்னிச்சுக்கங்க." எனக்குக் குரல் இறங்கிவிட்டது. "என்னை ஒங்களுக்குத் தெரியாது. நான் கயித்துப் பக்கம் வரவேயில்ல. அந்த ஒரு வாரமும் ஒங்களுக்குக் கம்பங்கூழு காச்சிக் குடுத்துவிட்டது நாந்தான்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வெங்காயத்த அறுக்காம நசுக்கித்தான் போடுவீங்க."

"ஆமாந் தம்பி."

தாழ்ப்பாள் திறந்தது.

மின்னல் ராஜாவின் முகத்தை அன்றைக்குத்தான் நான் நேராகப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட, மெலிந்த, நரைத்த மனிதர். என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விழுந்தவன் ஏத்திவிட்டவர் முகத்துல எப்படிம்மா முழிக்கிறது? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் பின் வழியா ஓடிட்டேன். அப்புறம் ஒரு தடவ எழுமலைக்கு வந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கி நின்னேன். அதே பஸ்ஸுல திரும்பிட்டேன்."

"கல்யாணம் ஆன நாளாச் சைக்கிளத் தொட்டதில்ல" என்றார் ருக்குமணி. "மில்லுக்கு நடைதான். ஏன்னு கேட்டா, நடந்தா ஒடம்புக்கு நல்லதும்பாரு. எனக்கு என்ன தெரியும்?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சைக்கிளைச் சுற்றி வந்தார். கிழிந்த டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்சாரத்திடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அந்தம்மாள் ஒரு சாக்கு நிறையத் தறிக் கழிவு நூலைக் கொண்டு வந்தார். மின்னல் ராஜா டியூபை உருவிப் போட்டுவிட்டு, நூலை முறுக்கி முறுக்கி டயருக்குள் திணித்து, கிழிசலைக் கயிற்றால் வரிந்து கட்டினார். வட்டத்தில் ஓடும்போது டயர் போனால் இப்படித்தானாம். கடைசியில் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். டிக்டிக் என்று அடித்தது. கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கு ஒரு சாயங்காலம் பாக்கி இருக்கும்மா" என்றார். "அன்னிக்கு வெயில் சாயும்போது விழுந்தேன். வெளக்கு வைக்கிற வரைக்கும் ஓட்டியிருக்கணும்."

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலித் திடல், நடுவில் வேப்பமரம். சாயங்காலம் அங்கே சைக்கிளைக் கொண்டு போனார். அவரை ஏற்றிவிட வேண்டிய கைதான் ஏற்கெனவே ஏற்றிவிட்டதே, அதனால் அவரே ஏறிக்கொள்ளலாம் என்று பேச்சி தீர்ப்புச் சொன்னாள். முதல் சுற்றில் சைக்கிள் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடியது. ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் சுற்றில் நிதானப்பட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் குனிந்து கொம்பைப் பிடித்துக்கொண்டு போன போக்கைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் நின்ற இடத்தில் நின்றதே, அது இப்படிப் போகக்கூடிய வண்டி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கம்பக்கத்து ஆள்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன மாப்ள, மில்லு வேலைய விட்டுட்டு சர்க்கஸ்ல சேந்துட்டியா?"

"அண்ணே, பிரேக்கு இருக்கா? இல்ல, மரத்துல மோதித்தான் நிப்பீகளா?"

அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தார். ருக்குமணி ஒரு சொம்பு மோரைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் வட்டத்தின் ஓரத்தில் போய் நீட்டினேன். நிற்காமல், ஒரு கையால் வாங்கி, ஒரு சுற்றில் குடித்து முடித்து, அடுத்த சுற்றில் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாரம் என் வீட்டுக்காரர் இப்படித்தான் கொடுத்து வாங்கியிருப்பார்.

வெயில் தணிந்தது. ஒரு வீட்டில் விளக்குப் போட்டார்கள். அப்புறம் இன்னொரு வீட்டில். அவர் நிற்கவில்லை. என் பக்கம் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்தார். மிதிக்கிற வேகம் குறைந்துகொண்டே வந்தது.

பேச்சி என் முதுகில் கை வைத்தாள். "போ மதினி."

"நானா? தாலி எறக்குனவ நல்லதுக்கு முன்னால போயி நிக்கலாமா? நீ போ."

"நான் பிடிச்சா அது தங்கச்சி கை. நீ பிடிச்சா அது அண்ணன் கை. போ."

"போங்கக்கா" என்றார் ருக்குமணி. "இவரு எறங்காம நான் யாருக்குச் சோறு போடுறது?"

வட்டத்துக்குள் போனேன். அத்தனை ஆள்களும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை. சைக்கிள் என்னை நோக்கி மெதுவாக வந்தது. இரண்டு கையாலும் அந்தக் கொம்பைப் பிடித்தேன். அவர் உள்ளங்கைச் சூட்டில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. சைக்கிள் நின்றது. அவர் இறங்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாட்டுத்தொழுவத்தில் என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தது காதில் இருந்தது.

"வட்டம் நெறஞ்சிருச்சு. எறங்குங்க தம்பி."

அவர் ஒரு காலைத் தரையில் வைத்தார். அப்புறம் மறு காலை வைத்தார். கூட்டம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எங்களைப் பஸ் ஏற்றிவிட அவர் சைக்கிளில்தான் வந்தார். பின்னால் கேரியர் இல்லாததால் ருக்குமணி கூடவே நடந்து வந்து, "இனி ஒரு கேரியர் போடச் சொல்லணும்" என்று என்னிடம் சொன்னார். முள்ளுமுருங்கைப் பூரி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். திதிக்கு இருவரும் வருகிறோம் என்றார்கள். அன்றைக்குக் கம்பங்கூழும் காய்ச்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸின் தலையை ஒரு தடவை பார்த்தார், எங்கள் வெறுங்கையைப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, சைக்கிளக் காணாம்? ரேஸுல தோத்துட்டீகளா?"

பேச்சி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ரேஸு முடிஞ்சிருச்சு தம்பி. எழுமலைக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."